நானூற்றுப் பன்னிரண்டில் ஒரு வீடு

வளைகுடாவில் ஒரு நகரத்துக்குச் சுற்றுலா விசாவில் போய் இறங்கிய சுடலைமணிக்கு, அங்கே எந்த ஓட்டலிலும் முன்வாசலில் நின்று வேலை கேட்கக்கூடாது என்பது புரிய மூன்று நாள் ஆனது, ஏனென்றால் எல்லா ஓட்டல்களுக்கும் முன்னால் ஒரு கண்ணாடிக் கதவும் பின்னால் ஓர் இரும்புக் கதவும் இருந்தன, கண்ணாடிக் கதவில் அவனைக் குனிந்து வரவேற்றவர்கள் அவன் வாயைத் திறந்து வேலை என்றதும் நிமிர்ந்துகொண்டு இரும்புக் கதவு இருக்கும் பக்கமாகக் கையை நீட்டினார்கள். இரும்புக் கதவுக்குப் பின்னால் காய்கறி லாரியும் அழுக்குத் துணி மூட்டைகளும் குப்பைத் தொட்டிகளும் நின்றன, அவற்றோடு வேலை கேட்டு வந்த நேபாளத்தானும் வங்காளத்தானும் கென்யாக்காரியும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் உறையில் சான்றிதழ்களை வைத்துக்கொண்டு நின்றார்கள். திருச்செந்தூரில் ஒரு லாட்ஜில் பதினோரு வருஷம் அறை துப்புரவு செய்தவன் சுடலைமணி, மொட்டை போட்ட தலைகளின் சந்தனத்தைத் தலையணை உறையிலிருந்தும் கடல்மணலைக் குளியலறையிலிருந்தும் எடுக்கத் தெரிந்தவன், ஆனால் வெளிநாட்டு அனுபவம் உண்டா என்று கேட்டார்கள், இல்லை என்றான், அனுபவம் இல்லாமல் எடுக்கமாட்டோம் என்றார்கள். ஓர் ஓட்டலில் அவன் பல்வரிசை விருந்தாளிகளுக்குச் சரிவராது என்றார்கள், ஒன்றில் உயரம் போதாது என்றார்கள், ஒன்றில் அவன் நாட்டுக்காரர்கள் ஏற்கெனவே நிறையப் பேர் ஆகிவிட்டார்கள் என்றார்கள், இப்படி நாற்பத்தொரு ஓட்டல்களின் பின்பக்கங்களை மட்டும் பார்த்து முடித்து, விசா முடிய இரண்டு நாள் இருக்கும்போது நாற்பத்திரண்டாவது ஓட்டலில் ஜோஸ் என்ற மலையாளி சூப்பர்வைசர் அவனிடம் எதையுமே கேட்காமல், நாலாம் மாடிக்காரன் நேற்றிலிருந்து வரவில்லை என்று சொல்லி, ஒரு கலைந்த அறையைக் காட்டிச் சுத்தம் பண்ணு என்றான்.

பண்ணினான். வேலை கிடைத்தது. சுடலைமணி என்ற பெயர் சட்டையில் குத்தும் தகட்டுக்கு நீளமாக இருந்ததால் மணி என்று எழுதிக் கொடுத்தார்கள், கூடவே விதிகளையும் சொன்னார்கள்: உள்ளே ஆள் இல்லையென்று தெரிந்தாலும் மூன்று தரம் தட்ட வேண்டும், வேலை முடியும்வரை கதவு திறந்தே இருக்க வேண்டும், துணி வண்டி வாசலில் குறுக்கே நிற்க வேண்டும், ஓர் அறைக்கு இருபத்தைந்து நிமிடம், கதவில் சிவப்பு அட்டை தொங்கினால் தீப்பிடித்தாலொழியத் தட்டக்கூடாது.

நாலாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, ஏசி ஒழுகுவதால் யாருக்கும் கொடுக்காமல் பூட்டி வைத்திருந்த நானூற்றுப் பன்னிரண்டாம் அறையைத் தூசி தட்டப் போனவன், மூன்று தரம் தட்டி, சாவி அட்டையைக் காட்டி, பச்சை விளக்கு எரிந்ததும் கதவைத் தள்ள, அது குரும்பூர் பள்ளிக்கூடத் தெருவில் அவன் வீட்டு அரங்குக் கதவாகத் திறந்தது. நெல்மூட்டையும் பழைய சைக்கிளும் கிடக்கும் அந்த இருட்டு அறையிலிருந்து அவன் முன்கூடமான பட்டாசாலைக்கு வந்து நின்றான். அங்கே மணி பதினொன்றரை. பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துபோன அவன் அப்பா ஆத்திமுத்து கட்டிலில் கிடந்தார், அவன் மனைவி செந்தூர்க்கனி தரையில் உட்கார்ந்து முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

அவள் தலையை நிமிர்த்திப் பார்த்தாள், அவன் காலைப் பார்த்தாள்.

"ஷூவக் கழத்திட்டு வாங்க. இப்பத்தான் துடைச்சேன்," என்றாள்.

கழற்றினான். பிறகு வேறென்ன செய்வதென்று தெரியாமல், எந்த அறையிலும் செய்வதைப்போலக் கட்டிலிலிருந்து தொடங்கினான், அப்பாவை ஒருபக்கமாகப் புரட்டிப் பழைய விரிப்பை உருவி வெள்ளை விரிப்பைப் போட்டான், முதுகில் புண் வந்திருந்த இடத்தை வெந்நீரில் துடைத்தான், குளியலறையைத் தேய்த்தான், குப்பையை அள்ளினான், செந்தூர்க்கனி அதற்குள் ஒரு தம்ளர் மோர் கொடுத்தாள், குடித்தான், இருபத்தைந்து நிமிடம் ஆகிவிட்டது. அப்பாவுக்குப் பேச்சு போய் இரண்டு வருஷமாகிறது, ஒரே ஒரு சொல் மட்டும் மிச்சமிருந்தது, அது மகன் பெயர். "மணி... மணி..." என்று அவர் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு அரங்குக்குள் போனான், நானூற்றுப் பதின்மூன்றின் முன்னால் வந்து நின்றான்.

இப்படித்தான் தினமும் நடந்தது. தெருவில் முதலில் பார்த்தவள் உறைமோர் கேட்டு வந்த பக்கத்து வீட்டுப் பாக்கியத்தாய் சித்தி. அவன் தரை துடைப்பதைப் பார்த்து, எப்ப வந்த என்று கேட்டாள், இப்பத்தான் சித்தி என்றான், எப்பப் போற என்று கேட்டாள், இன்னும் எட்டு நிமிசம் இருக்கு என்றான், அவள் உறைமோரை வாங்கிக்கொண்டு போய்த் தெருவில் சொன்னாள். மறுநாளிலிருந்து பதினொன்றரை மணிக்குத் தெருப் பெண்கள் வந்து வாசலில் உட்கார்ந்தார்கள், சிறிய சோப்புகளையும் ஷாம்புகளையும் அவன் கொடுத்தான், கிழிந்ததென்று ஒதுக்கிய டவல்களைக் கொடுத்தான், ஒரே மாதத்தில் பள்ளிக்கூடத் தெருவின் கொடிகளிலெல்லாம் ஓட்டல் பெயர் போட்ட வெள்ளை டவல்கள் காய்ந்தன. பாஸ்போர்ட் வைத்திருந்த ஆண்கள் குளித்துத் திருநீறு பூசிப் பெட்டியோடு வந்து, வண்டியைத் தாண்டி அரங்குக்குள் நுழைந்து அப்படியே வேலைக்குப் போய்விடலாம் என்று பார்த்தார்கள், ஆனால் அந்த வாசல் ஊழியனுக்கும் சாவி வைத்திருக்கும் விருந்தாளிக்கும் மட்டுமே வழிவிடும் என்பதால் ஒவ்வொருவரும் வீட்டுக்குப் பின்னால் இருந்த வாழைத்தோட்டத்துச் சேற்றில் போய் நின்றார்கள். சுடலைமணிக்கும் அதேபோல ஓர் எல்லை இருந்தது, வீட்டையும் புறவாசலையும் தாண்டித் தெருவில் கால் வைத்தால் அந்தக் கால் நாலாம் மாடியின் கம்பளத்தில் இருக்கும். ஆகவே அவன் மகள் சுபிக்ஷாவைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனதில்லை, அவளும் சனி ஞாயிறில் மட்டும் அவனைப் பார்த்தாள், அவன் வரும் நேரத்துக்குத் தன் பொம்மைகளை எடுத்து ஒதுங்க வைத்தாள், ஒன்றாம் வகுப்பில் டீச்சர் உன் அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டபோது, எங்க வீட்டைப் பெருக்க வருவாங்க என்று சொன்னாள்.

இப்படி ஓடிய எட்டு மாதத்தைத்தான் செந்தூர்க்கனி பிறகு நல்ல காலம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் நாலாம் மாடி நடையில் நெத்திலிக் குழம்பு வாசம் அடித்தது, ஜோஸ் அந்த வாசத்தின் பின்னாலேயே வந்து நானூற்றுப் பன்னிரண்டுக்குள் எட்டிப் பார்த்தான், செந்தூர்க்கனி அவனை உட்காரச் சொல்லித் தட்டில் சோறு போட்டாள், அவன் தன் வீட்டுக்குப் போய் மூன்று வருஷமாகிறது என்று சொல்லி இரண்டு தரம் குழம்பு வாங்கிச் சாப்பிட்டு, கைகழுவி, நன்றி சொல்லி, நேரே போய் மேலாளரிடம் தகவல் கொடுத்தான், ஏனென்றால் அது அவன் கடமை. மேலாளரான வெள்ளைக்காரர் வந்து பட்டாசாலையை நாடா வைத்து அளந்தார், குழாயில் வெந்நீர் வருமா என்று பார்த்தார், தீப்பிடித்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று கேட்டார், வேறெதையும் கேட்கவில்லை. வீடு சுடலைமணியுடையதுதான், ஆனால் நானூற்றுப் பன்னிரண்டு என்ற எண் போட்ட எதுவும் ஓட்டலுடையது என்று ஒரு காகிதம் வந்தது, சுடலைமணி கையெழுத்துப் போட்டான். அடுத்த வாரம் ஓட்டலின் விளம்பரத்தில் தென்னிந்தியக் குடும்ப அறை என்று படம் வந்தது, அதில் செந்தூர்க்கனி சிரித்துக்கொண்டிருந்தாள், கட்டிலில் கிடந்த அப்பாவின் பாதி கால் மட்டும் தெரிந்தது.

விருந்தாளிகள் வந்தார்கள். அரங்குக் கதவைத் திறந்துகொண்டு பெட்டிகளோடு வந்தார்கள், தரையில் உட்கார்ந்து இலையில் சாப்பிட்டார்கள், தெருவில் இறங்கி நடந்தார்கள், ஆடுகளைப் படம் எடுத்தார்கள். தெரு அவர்களை இரண்டே வாரத்தில் பழகிக்கொண்டது. டீக்கடைக்காரர் இரண்டாவது அடுப்பு போட்டார், பஞ்சாயத்துத் தலைவர் வந்து ஒவ்வொரு விருந்தாளிக்கும் துண்டு போர்த்தினார், விடியலில் கூவி எழுப்புகின்றன என்று புகார் வந்ததும் தெருவே கூடிப் பேசிச் சேவல்களை விற்றுவிட்டது, மீன்காரி சத்தம் போடாமல் ஒவ்வொரு வீட்டு ஜன்னலாகத் தட்டி மீன் விற்கக் கற்றுக்கொண்டாள், பாக்கியத்தாய் சித்தி எதிர்ப்படும் நாயிடம்கூட 'ஹேவ் எ பிளசன்ட் ஸ்டே' என்று சொன்னாள். எல்லோரையும்விட வேகமாகக் கற்றவள் செந்தூர்க்கனிதான், நன்றாகத் தூங்கினீர்களா என்று நாலு மொழிகளில் கேட்டாள், யாருக்குக் காரம் ஆகாது, யார் தனியாக வந்திருக்கிறார்கள், யாரிடம் பேச்சுக் கொடுக்கக்கூடாது என்பதெல்லாம் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்தது. துப்புரவு செய்ய வருகிற ஆள் வீட்டுக்காரியோடு நின்று பேசுவது வசதியாக இல்லை என்று ஒரு விருந்தாளி எழுதிவிட்டுப் போனதால், சுடலைமணி பேசாமல் பெருக்கினான், அவளும் பேசாமல் காலைத் தூக்கிக்கொண்டாள்.

அப்பா மட்டும் பேசினார். விருந்தாளிகள் அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார்கள், மணி என்றால் நேரம் என்று டீக்கடைக்காரர் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லிவைத்தார், அவர்கள் இரக்கப்பட்டு, கட்டிலுக்கு எதிரே பெரிய சுவர்க்கடிகாரம் ஒன்றை வாங்கி மாட்டினார்கள், அவர் கூப்பிடும் ஒவ்வொரு தரமும் கடிகாரத்தைக் காட்டி நேரம் சொன்னார்கள். அவர் நிறுத்தவில்லை. கடைசியில் அவர்களுக்கும் அலுத்துப்போய், அறையில் ஒரு கிழவர் ஓயாமல் சத்தம் போடுகிறார் என்று மூன்று புகார்கள் ஒரே வாரத்தில் வந்தன, ஜோஸ் சுடலைமணியைத் தனியாகக் கூப்பிட்டு, பொருளை நகர்த்துவதைப் பற்றிச் சொல்வதுபோலத் தரையைப் பார்த்துக்கொண்டே, அவரை வேறிடத்துக்கு மாற்றிவிடு என்றான்.

அன்றைக்கு விருந்தாளிகள் உவரிக் கடற்கரைக்குப் போயிருந்தார்கள். சுடலைமணி செந்தூர்க்கனியிடம் விஷயத்தைச் சொல்லி, நீ அப்பாகிட்ட மெதுவா எடுத்துச் சொல்லேன் என்றான்.

"உங்க அப்பா. நான் எப்படிப் போகச் சொல்லுவேன்?" என்றாள் அவள். "சொல்லணும்னா நீங்களே சொல்லுங்க."

அவன் சொல்லவில்லை. அழுக்குத் துணி வண்டியில் இரண்டு தலையணை போட்டு, அப்பாவைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி அதில் உட்காரவைத்து, புறவாசலில் முன்பு ஆடு கட்டியிருந்த ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு போனான். வழியெல்லாம் அவர் இடது கையால் அவன் சட்டையில் இருந்த பெயர்த் தகட்டைப் பிடித்துக்கொண்டே வந்தார். அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை. கடிகாரம் பட்டாசாலையிலேயே இருந்தது.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை, நானூற்றுப் பத்தில் அவன் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தபோது, வேலை நேரத்தில் வைத்துக்கொள்ளக்கூடாது என்பதால் காலுறைக்குள் ஒளித்து வைத்திருந்த கைப்பேசி அதிர்ந்தது. மாமா போயிட்டாங்க, வாங்க என்றாள் செந்தூர்க்கனி. வண்டியை விட்டுவிட்டு ஓடினான். நானூற்றுப் பன்னிரண்டின் கதவில் சிவப்பு அட்டை தொங்கியது.

உள்ளே புதிதாகக் கல்யாணமான ஒரு வெளிநாட்டுத் தம்பதி இருந்தார்கள், அதற்கு முந்தின நாள்தான் வந்தவர்கள், வந்ததிலிருந்து அட்டையை மாட்டியே வைத்திருந்தார்கள். சுடலைமணி கையைத் தூக்கினான், ஜோஸ் வந்து அந்தக் கையை மெதுவாகப் பிடித்துக் கீழே இறக்கி, சாயங்காலம் எடுத்துவிடுவார்கள், பொறு என்றான், இதற்கு முன்பு இருந்தவனுக்கு அட்டை தொங்கும்போது தட்டித்தான் வேலை போயிற்று என்றான். கதவுக்கு உள்ளே சங்கு ஒலித்தது. பாக்கியத்தாய் சித்தி மாரடித்து அழும் குரல் கேட்டது, நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது, ஐஸ் பெட்டி வந்து இறங்கும் சத்தம் கேட்டது, நடையில் போன மற்ற விருந்தாளிகள் அந்த அறையில் ஏதோ விழா என்று சிரித்துக்கொண்டே போனார்கள். தட்டினால் வேலை போகும், வேலை போனால் சாவி போகும், சாவி போனால் இந்தக் கதவு வெறும் கதவாகும், ஆகவே நாளைக்கும் நாளை மறுநாளும் தன் வீட்டுக்குள் போவதற்காக அவன் இன்றைக்குத் தன் வீட்டுக்குள் போகாமல் நின்றான். இரண்டாவது தரம் கைப்பேசி அதிர்ந்தபோது தூக்கப் போகிறார்கள் என்றாள். மூன்றாவது தரம் அதிரவில்லை. கொட்டுச் சத்தம் கதவிலிருந்து விலகித் தெருவில் இறங்கி ஆற்றுப் பக்கமாகப் போய்த் தேய்ந்தது, அவன் நானூற்றுப் பதின்மூன்றுக்குப் போய்ப் படுக்கை விரித்தான், பிறகு பதினான்குக்குப் போனான்.

மறுநாள் பத்து மணிக்கு அட்டை இல்லை. மூன்று தரம் தட்டி உள்ளே போனான். பட்டாசாலையெங்கும் மிதிபட்ட பூவும் பொரியும் கிடந்தன, எத்தனையோ கால்தடங்கள் இருந்தன, பெரியப்பா மகன் கொள்ளி வைத்ததாகவும், ஆள் குறைந்தபோது அந்தப் புதுமாப்பிள்ளை வெள்ளைக்காரன் பாடைக்குத் தோள் கொடுத்ததாகவும் பாக்கியத்தாய் சித்தி சொன்னாள், நல்ல பையன், கண்கலங்கிட்டான் என்றாள். சுடலைமணி பூவையும் பொரியையும் ஒன்றாகக் கூட்டி அள்ளினான். புறவாசலுக்குப் போய்க் கொட்டகையைக் கழுவினான். பத்து நிமிடம்தான் மிச்சமிருந்தது. செந்தூர்க்கனி தூணில் சாய்ந்து உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாவி உங்க கையிலதான இருந்துச்சு?" என்றாள்.

அவன் சிவப்பு அட்டையைப் பற்றிச் சொன்னான், வேலையைப் பற்றிச் சொன்னான், ஜோஸ் கையைப் பிடித்ததைப் பற்றிச் சொன்னான். அவள் எல்லாவற்றையும் கேட்டாள், விருந்தாளிகளின் குறையைக் கேட்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு, குறுக்கே பேசாமல், கடைசிவரை கேட்டாள். பிறகு எழுந்து உலை வைக்கப் போனாள். அன்று மாலை புதுத்தம்பதி நாலு பக்கத்துக்குப் பாராட்டு எழுதிக்கொடுத்தார்கள், ஓட்டல் அதைச் சட்டம் போட்டு மாட்டியது.

பதினாறாம் நாள் முடிந்ததும் சுடலைமணி சாவியையும் பெயர்த் தகட்டையும் ஜோஸிடம் கொடுத்துவிட்டான். அடுத்த நிமிடமே ஜோஸ் போய் நானூற்றுப் பன்னிரண்டைத் திறந்து பார்த்தான், கட்டிலும் மேசையும் ஜன்னலில் கடலும் இருந்தன, ஏசி ஒழுகிக்கொண்டிருந்தது. தினமும் ஓர் அடியில் போய் நின்ற இடத்துக்குச் சுடலைமணி விமானத்திலும் ரயிலிலும் பஸ்ஸிலுமாக இரண்டு நாள் பயணம் செய்து வந்து சேர்ந்தான், பள்ளிக்கூடத் தெருவின் சிமெண்ட் ரோட்டில் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தபோது யாரும் அவனை எப்ப வந்த என்று கேட்கவில்லை. டீக்கடையில் இரண்டாவது அடுப்பை அணைத்திருந்தார்கள். சேவல் இல்லாததால் தெருவே நேரங்கழித்து எழுந்தது. பாக்கியத்தாய் சித்தி மட்டும் இரண்டு நாள் கழித்து வந்து, அவசரப்பட்டுட்டியேய்யா என்று சொல்லிவிட்டுப் போனாள். வீட்டில் செந்தூர்க்கனி வேளாவேளைக்குச் சோறு போட்டாள், நன்றாகத் தூங்கினீர்களா என்று அவனையும் கேட்டாள், கேட்டபிறகுதான் யாரிடம் கேட்டோம் என்று உணர்ந்து உதட்டை மடித்துக்கொண்டாள்.

மூன்றாம் மாதம் ஓட்டலிலிருந்து கடிதம் வந்தது. அது சுடலைமணிக்கு வரவில்லை. விருந்தாளிகள் எழுதிய எல்லாக் குறிப்புகளிலும் செந்தூர்க்கனி என்ற பெயரே இருப்பதால் அவளுக்கு விசா அனுப்புகிறோம், விருந்தினர் உபசரிப்பில் வேலை என்று இருந்தது. அவன் அதை மூன்று தரம் படித்தான், அவர்கள் சொன்ன வேலையைக் கொடுக்கமாட்டார்கள், இரும்புக் கதவு வழியாகக் கூட்டிப் போய் வாளியைக் கொடுப்பார்கள் என்று சொன்னான்.

"தெரியும்," என்றாள். "விரிப்போட மூலைய எப்படி மடக்கணும்னு மட்டும் சொல்லிக்குடுங்க."

அப்பா கிடந்த கட்டிலில் விரிப்பைப் போட்டுக் காட்டினான். மூலையைத் தூக்கி, முக்கோணமாகப் பிடித்து, உள்ளே செருகினான், பிரித்துவிட்டு அவளைச் செய்யச் சொன்னான். இரண்டாவது தரத்திலேயே அவன் மடிப்பைவிட அவள் மடிப்பு இறுக்கமாக இருந்தது. தை பிறந்ததும் அவள் புறப்பட்டாள், பஸ் ஏறும்போது சுபிக்ஷா அழவில்லை, அம்மா எத்தனை நிமிசம் இருப்பாங்க என்று மட்டும் அப்பாவிடம் கேட்டாள்.

அவளுக்கு நாலாம் மாடி கொடுத்திருக்கிறார்கள் என்ற செய்தி ஒரு வியாழக்கிழமை வந்தது, சொன்னபடி வாளியும் கொடுத்திருந்தார்கள். அதைக் கேட்டதும் தெரு நிமிர்ந்தது. சனிக்கிழமை காலை சுடலைமணி வீட்டைக் கழுவிவிட்டு மாக்கோலம் போட்டான், அரங்கில் கிடந்த மூட்டைகளையும் சைக்கிளையும் ஒதுக்கி வழிவிட்டான், சுபிக்ஷாவுக்குத் தலைவாரிப் பூ வைத்து அரங்குக் கதவுக்கு எதிரே உட்காரவைத்தான். பாக்கியத்தாய் சித்தியும் பெண்களும் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள், டீக்கடைக்காரர் இரண்டாவது அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வந்து நின்றார், பாஸ்போர்ட் உள்ளவர்கள் பின்னால் நின்றார்கள். கடிகாரத்தில் பதினொன்றரை ஆனது, பன்னிரண்டு ஆனது. பன்னிரண்டேகாலுக்கு அவன் கைப்பேசி ஒலித்தது.

நானூற்றுப் பன்னிரண்டு உனக்கா கொடுத்திருக்காங்க என்று கேட்டான். எனக்குத்தான், இப்பத்தான் முடிச்சிட்டு வெளிய வந்தேன் என்றாள்.

"தட்டுனியா?"

"மூணு தரம் தட்டுனேன்."

"உள்ள என்ன இருந்துச்சு?"

"கட்டில் இருந்துச்சு. மேசை. சன்னல்ல கடல் தெரிஞ்சுது."

தெரு முழுவதும் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டு, நல்லாப் பார்த்தியா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"நல்லாப் பாத்தேன். அறை அறையாத்தான் இருக்கு," என்றாள் செந்தூர்க்கனி, எதிர்முனையில் ஏதோ ஒரு வண்டியின் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. "எனக்கு நிம்மதியா இருக்கு."